சென்னாகுன்னி, திமிங்கிலம், காவிரித் தண்ணீர்

கேள்வி: நாங்கள் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. சந்தைக்குச் சேதுபாவாசத்திரம் பக்கமிருந்து வரும் கருவாட்டுக்கார அம்மாவிடம் சென்னாகுன்னி வாங்கி, கத்திரிக்காயோடு பிரட்டுவதும், வறுத்து மிளகாயோடு இடித்து வைப்பதும் எங்கள் வீட்டில் வழக்கம். விடுமுறைக்கு வந்த பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “அப்பாயி, இது கிரில். நீலத் திமிங்கிலத்தோட சாப்பாடு” என்கிறாள். அவள் சொல்வது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போவது வீண் இல்லை, அதை நம்பிக் கடலில் உயிர்கள் இருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். அதைக் கேட்டதும் அவள் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் வராமல் பயிர் காய்ந்ததைப் பார்த்தவர் அவர். கடலுக்குத் தண்ணீர் விடத்தான் வேண்டுமா? விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, உங்கள் பேத்தி சொன்னதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி, அவள் நினைத்ததைவிடவும் சரி.

சென்னாகுன்னி கிரில் இல்லை. அது இறால் இனத்தைச் சேர்ந்தது. விலங்கியலில் அதற்கு அசிட்டஸ் என்று பெயர், செர்ஜெஸ்டிட் என்ற குடும்பம். கிரில் வேறு வரிசை. இரண்டும் ஓடுள்ளவை, இரண்டும் கண்ணாடி போன்ற உடம்புடையவை, இரண்டும் கூட்டங்கூட்டமாகத் திரிபவை என்பதால் படத்தில் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பேத்தி ஊரில் இருக்கும்போதே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கருவாட்டில் சில நொறுங்கியிருக்கும், அதனால் முடிந்தால் கருவாட்டுக்கார அம்மாவிடம் சொல்லி ஒரு கைப்பிடி பச்சையாக வாங்குங்கள். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு ஒன்றைப் போட்டு, பூதக்கண்ணாடியால் பார்க்கட்டும். சாதாரண இறாலுக்கு ஐந்து ஜோடி நடக்கும் கால்கள் உண்டு. சென்னாகுன்னிக்கு மூன்றே ஜோடி, அதுவும் நூல் மாதிரி. வால் விசிறியில் சிவப்புப் புள்ளி தெரியும். சில இனங்களில் ஒரே பெரிய புள்ளி, சிலவற்றில் வரிசையாகப் பல. உடம்பைவிட நீளமான மீசை, மிளகைப் பொடித்ததுபோல் இரண்டு கருங்கண்கள். கிரிலாக இருந்தால் முதுகோட்டின் விளிம்புக்குக் கீழே செவுள்கள் குஞ்சம்போல் வெளியே தொங்கும். இறாலுக்குச் செவுள் ஓட்டுக்குள் மறைந்திருக்கும். பெரும்பாலான கிரில் இனங்களுக்கு வயிற்றுப் பக்கம் ஒளி உமிழும் உறுப்புகளும் இருக்கின்றன. உங்கள் தட்டில் இருப்பது இருட்டில் மின்னாது.

வறுக்கும்போது அது இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்டாசாந்தின் என்ற நிறமி உயிரோடிருக்கும்போது ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. சூடு பட்டதும் பிணைப்பு விடுபட்டுச் சிவப்பு தெரிகிறது. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் சிவப்பும் இந்த வகை நிறமியால்தான். உவர்நீரில் வாழும் சிறு இறாலினங்களையும் பாசியையும் தின்றுதான் அவை அந்த நிறத்தைப் பெறுகின்றன.

இனி கிரில். உலகில் எண்பதுக்கும் மேற்பட்ட கிரில் இனங்கள் இருக்கின்றன. வங்கக் கடலிலும் உண்டு, கரையைத் தாண்டிய ஆழ்நீரில். ஆனால் ‘கிரில்’ என்றதும் எல்லோரும் நினைப்பது அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வாழும் ஓரினத்தை. ஆறு சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். ஐந்தாறு ஆண்டு வாழும். நம் சென்னாகுன்னிக்கு ஓராண்டுகூட ஆயுள் இல்லை, நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். அண்டார்டிக் கிரிலின் மொத்த எடை ஏறக்குறைய 38 கோடி டன் என்று 2009-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கடலில் திமிங்கிலம், சீல், பெங்குயின், மீன், கணவாய் எல்லாம் நேராகவோ சுற்றிவளைத்தோ இதை நம்பித்தான் உயிர்வாழ்கின்றன.

அப்படி என்ன செய்கிறது கிரில்? கடலில் சூரிய ஒளியை உணவாக மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதைத் திமிங்கிலம் நேராகத் தின்ன முடியாது. கிரில் தன் முன்கால்களில் அடர்ந்த மயிரைக் கூடை மாதிரி விரித்து அந்தப் பாசியை வடிகட்டித் தின்று, தன்னையே பெரிய வாய்களுக்கு ஏற்ற உணவாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் பகலில் ஆழத்தில் இறங்கி இரவில் மேலே வந்து மேயும். அதன் கழிவும் உரித்துப்போட்ட ஓடும் கீழே மூழ்கும்போது, பாசி காற்றிலிருந்து எடுத்த கரியில் ஒரு பகுதி ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்கிறது. குஞ்சுகள் குளிர்காலத்தில் உறைந்த கடற்பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டிய பாசியை மேய்ந்து பிழைக்கின்றன. பனி குறைந்தால் அவற்றின் கதி என்ன என்ற கவலை அதனால்தான்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தென்கடல்களில் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்களை வேட்டையாடிக் கொன்றார்கள். தின்னும் வாய்கள் போய்விட்டன, இனி கிரில் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை. பல இடங்களில் குறைந்தே போனது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம் இது: அந்தக் கடலில் பாசிக்கு இரும்புச்சத்து பற்றாக்குறை. திமிங்கிலம் ஆழத்தில் கிரிலைத் தின்று மேல்மட்டத்தில் கழிக்கிறது. அந்தக் கழிவில் இருக்கும் இரும்புச்சத்துதான் பாசிக்கு உரம். பாசி வளர்ந்தால்தான் கிரிலுக்குச் சாப்பாடு. திமிங்கிலம் போனதும் உரம் போயிற்று. தொழுவுரம் போட்டு நிலத்தைக் காத்த உங்கள் குடும்பத்துக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம் நாடும் 1995-96-ல் கிரிலைப் பிடித்துப் பார்க்கத் தென்கடலுக்கு ஓர் ஆய்வுப் பயணம் அனுப்பியது. அந்தக் கடலில் எவ்வளவு கிரில் பிடிக்கலாம் என்று வரம்பு வைக்கும் பன்னாட்டு ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. மருந்துக்கடையில் விற்கும் கிரில் எண்ணெய் மாத்திரை அங்கிருந்து வருவதுதான். வீட்டில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால் அந்த மாத்திரையும் வேண்டாம், சென்னாகுன்னியும் வேண்டாம்.

பேத்தி சொன்ன இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நீலத் திமிங்கிலம் என்றால் கிரில் தின்னும் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கிலங்கள் மற்றவைபோல் துருவக் கடலுக்குப் போய் மேய்வதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே சுற்றுகின்றன. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இவற்றைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து ஆராய்பவர். மிரிஸ்ஸா கடலில் மிதந்த திமிங்கிலக் கழிவைச் சேகரித்து, அதிலிருந்த மரபணுவை அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் திமிங்கிலங்கள் முக்கியமாகத் தின்றிருந்தது கிரிலை அல்ல, செர்ஜெஸ்டிட் இறாலை. சென்னாகுன்னியின் குடும்பம் அது. உங்கள் சட்டியில் இருக்கும் அதே இனம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அப்பாயி சமைத்ததைப் பார்த்துத் திமிங்கிலத்தை நினைத்த குழந்தையைப் பாராட்டத்தான் வேண்டும். திருகோணமலைக் கடலும் நீலத் திமிங்கிலத்துக்குப் பேர்போனது. கோடியக்கரையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர்தான்.

உங்கள் ஊர்க் கடலுக்குள் திமிங்கிலம் மேய வராது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், கடற்புல் மண்டிய ஆழமில்லாத கடல். இங்கே சென்னாகுன்னியை நம்பியிருப்பவை வேறு. வாளை, கத்தாளை, கிழங்கான், கணவாய் என்று கரையில் ஏலம் போகும் பலவற்றின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே இந்தச் சிறு இறாலைப் பார்க்கலாம். மும்பைக் கரையில் இதே அசிட்டஸுக்கு ஜவ்லா என்று பெயர். அங்கே பேர்பெற்ற பொம்பில் மீன் கொழுப்பது இதைத் தின்றுதான். மலேசியாவுக்குப் போய் வந்த உறவினர் யாராவது இருந்தால் பெலாச்சான் பற்றிக் கேளுங்கள். உப்பிட்டு அரைத்து நொதிக்க வைத்த சென்னாகுன்னி அது. அண்டார்டிகாவில் கிரில் செய்யும் வேலையை நம் கரையோரக் கடலில் செய்யும் உயிர்களில் முக்கியமானது இதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சரி, சென்னாகுன்னி எதைத் தின்கிறது? இங்கேதான் உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறோம்.

அது தின்பது நுண்பாசி, இன்னும் சிறிய மிதவை உயிர்கள், மட்கிய இலைதழைத் துகள். நுண்பாசியில் டயட்டம் என்ற வகை முக்கியமானது. அதன் கூடு சிலிக்காவால் ஆனது. இந்தச் சிலிக்கா கடலில் தானாக விளைவதில்லை. மலைப் பாறை கரைந்து ஆற்றோடு வரவேண்டும். குடகிலிருந்து வரும் தண்ணீரில் அது இருக்கிறது. வயலிலிருந்து வடியும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கலாகப் போய் விழும்போது பாசி உடனே பெருகாது. வெளிச்சம் உள்ளே போக வழியில்லை, உப்பும் குறைந்திருக்கும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து வெயில் ஏறும்போது, வந்து சேர்ந்த சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு பாசி பெருகுகிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பதிந்துவரும் போக்கு இது.

இலைதழைத் துகள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நீங்கள் முத்துப்பேட்டைக்கு ஒருநாள் போக வேண்டும். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு, வளவனாறு எல்லாம் வெண்ணாற்றுப் பாசனத்தில் மிஞ்சியதையும் வடிந்ததையும் கொண்டுவந்து அந்தக் காயலில் சேர்க்கின்றன. அலையாத்தி மரத்தின் இலை சேற்றில் விழுந்து, நுண்ணுயிர்கள் படிந்து, துகளாகி, ஏற்றவற்றத்தோடு வெளியே போகிறது. வெள்ளை இறாலின் குஞ்சுகளும் இந்தக் காயலில்தான் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. நல்ல தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கோடையில் இந்தக் காயல் கடலைவிட அதிகமாக உப்பேறிப் போகிறது. மரங்கள் குட்டையாகி, நடுவில் வெற்றுத் திட்டுகள் தோன்றும். ஆங்கிலேயர் காலத்தில் கூப்பு விட்டு மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வற்றி, உப்பாகிக் கிடந்தது. 1990-களில் வனத்துறையும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அந்த இடங்களில் கால்வாய் வெட்டி ஏற்றவற்றத்தை உள்ளே விட்டு, கன்று நட்டு மீட்டார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து பெருஞ்சேதம் செய்தது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்காக அது எவ்வளவு அடியைத் தாங்கிக்கொண்டது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆற்றை அடைத்தால் கடலில் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று நைல் நதி. அஸ்வானில் உயர் அணை கட்டி 1964-ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் 1962-ல் எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் சுமார் 18,000 டன் மத்தி கிடைத்திருந்தது. சில ஆண்டுகளிலேயே அது ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது. இறாலும் குறைந்தது. வெள்ளத்தோடு வந்த சத்து நின்றதும் பாசி குறைந்தது, பாசியைத் தின்றவை குறைந்தன, மீன் குறைந்தது. 1980-களில் மீன்வரத்து மீண்டும் கூடியது. வயல் உரமும் நகரச் சாக்கடையும் கடலில் போய்ச் சேர்ந்ததுதான் அதற்குக் காரணம் என்கிறார்கள். அப்படிக் கூடுவதை நான் நல்ல சேதியாகக் கொள்ள மாட்டேன். அளவு மீறினால் பாசி அழுகி, தண்ணீரில் உயிர்க்காற்று தீர்ந்து, மீன் செத்து ஒதுங்கும்.

காவிரிக்கு 1934-ல் மேட்டூர் அணை வந்தது. மேலே கர்நாடகத்திலும் அணைகள் வந்தன. வண்டல் அங்கேயே படிகிறது. தேங்கிய நீரில் டயட்டம் வளர்ந்து மூழ்குவதால் சிலிக்காவிலும் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. தண்ணீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த ஒதுக்கீட்டை மாற்றவில்லை. 740-ல் 14. கடல் கேட்பது உங்கள் பங்கை அல்ல என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல இந்தக் கணக்கு உதவும்.

ஆனால் அவருடைய கோபம் நியாயமானது, அம்மா. அதைத் தட்டிக்கழித்துவிட்டு யாரும் கடலைப் பற்றிப் பேசக்கூடாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்து போகுமளவு வெள்ளம் வந்தது. அது கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடிய அந்த நாட்களிலேயே கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் மறியல் செய்தார்கள். அப்படிச் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் வெள்ளத்தால் சென்னாகுன்னிக்கும் முழுப் பயன் கிடைக்காது. முகத்துவாரத்தின் உப்பைத் திடீரென்று கழுவித் தள்ளி, சேற்றை வெகுதூரம் கொண்டுபோய்விடும். காயலுக்கும் கடலுக்கும் நல்லது செய்வது மாதக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக வடியும் தண்ணீர். பயிருக்கும் அதுதானே வேண்டும்? கால்வாயைத் தூர்வாரி, ஏரி குளங்களில் வெள்ளத்தை நிறுத்தி, கடைமடை வயல் வரை கொண்டுபோனால், வயலில் நின்று, மண்ணில் ஊறி, வடிகால் வழியாகத் தை, மாசி வரை அக்னியாற்றிலும் நசுவினியாற்றிலும் மெதுவாக இறங்கும். பேராவூரணிப் பெரிய குளத்தை 2019-ல் உங்கள் பகுதி ஊர்க்காரர்களே முன்னின்று தூர்வாரியதை நான் அறிவேன். மீனுக்காக அதைச் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அந்தக் குளத்தில் நிற்கும் தண்ணீர் நிலத்தடியில் ஊறிக் கடலோரம் வரை தள்ளிக்கொண்டு போகும்போது உப்புநீர் உள்ளே ஏறுவது தடுக்கப்படுகிறது. கடலோரக் கிராமங்களில் போர்வெல் உப்பாகிப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆறு கடலைத் தொடாத இடத்தில் கடல்தான் ஆற்றுக்குள் வரும்.

அதனால் கடலுக்குத் தண்ணீர் விட வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். கடைமடை வயலைத் தாண்டித்தான் அது போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

தண்ணீரின் அளவைவிட அதில் என்ன கலந்திருக்கிறது என்பதில் எனக்குக் கவலை அதிகம். இதில் உங்கள் குடும்பம் நேரடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இறாலும் பூச்சியும் கணுக்காலி என்ற ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. ஓடும் ஒரே பொருளால் ஆனது, நரம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பூச்சியைக் கொல்லவென்று செய்த மருந்து மீனைவிட இறாலை விரைவில் கொல்லும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இதில் மிக மோசமானவை. தண்ணீரில் கண்காணாத அளவு கலந்தாலே சிறு இறாலினங்கள் தாங்காது. இந்த வகையை நெல்லில் அடித்தால் புகையான் அடங்குவதற்குப் பதில் பெருகும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்துவிடுவதால் வரும் வினை அது. காசும் போய், பயிரும் போய், வடிகாலில் இறங்கிச் சென்னாகுன்னிக் குஞ்சும் போகும். கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கி அடிக்காமல், டப்பாவில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதைப் பேத்தியை விட்டே படிக்கச் சொல்லுங்கள். மருந்து அடித்த வயலை அன்றைக்கோ மறுநாளோ வடிகாலில் திறந்துவிட வேண்டாம். வரப்பைக் கட்டி, முடிந்தவரை சில நாள் தண்ணீரை வயலிலேயே நிறுத்துங்கள். மருந்து மண்ணில் படிந்தும் வெயிலில் சிதைந்தும் வீரியம் குறையும். காலி டப்பாவை வாய்க்காலில் கழுவுவதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

மீன்பிடிப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னாகுன்னிக்குக் கொசுவலை போன்ற நெருக்கமான கண்ணுள்ள வலைதான் தேவை. அதில் மற்ற மீன், இறால், நண்டுக் குஞ்சுகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் நெருக்கமான வலை இழுப்பதையும் குஞ்சுகள் அதிகமிருக்கும் மாதங்களில் மீனவ ஊர்க் கூட்டங்களே பேசிக் கட்டுப்படுத்தினால் நல்லது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. கடற்பசு தின்பது கடற்புல். ஆனால் அந்தப் புல்வெளிக்கு மேலேதான் சென்னாகுன்னிக் கூட்டமும் திரிகிறது. புல்லுக்கு என்று எடுக்கும் அக்கறையில் இதற்கும் பங்கு கிடைக்கும்.

கடைசியாக, வாங்கும்போது கவனிக்க வேண்டியது. மணலில் நேரடியாகக் காய வைத்த சென்னாகுன்னி எத்தனை முறை அலசினாலும் நறநறக்கும். தார்ப்பாயிலோ வலை விரித்த பந்தலிலோ காய வைத்ததா என்று கருவாட்டுக்கார அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். நன்றாகக் காய்ந்தது கையில் அள்ளினால் சலசலக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. நிறம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். மஞ்சளடித்து எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் பழசு. ஓட்டோடு முழுசாகத் தின்பதால் சுண்ணாம்புச் சத்து வீணாகாமல் கிடைக்கிறது. வளரும் பிள்ளைக்கு நல்லது, தாராளமாகக் கொடுங்கள்.